புரட்டாசி முடியட்டும் என்று சொன்னவன் நான்

பெருமாளுக்குச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் மனைவிக்குப் பாவம் செய்தவன் நான். அதை அடியார்கள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ராஜபாளையத்தில் தறி வேலை பார்க்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பெருமாளைப் பார்க்க நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் புளியோதரை கொடுப்போம். பக்குவமெல்லாம் என் மனைவி ராமலட்சுமியுடையது.

முந்தின வருஷம் ஆடியில் அவள் சொன்னாள். "ஏங்க, வெளிக்கிப் போனா ரத்தம் வருது."

"சூடுட்டி. மூலமா இருக்கும், மோரக் குடி."

ஆவணியில் மறுபடி சொன்னாள். "புரட்டாசி முடியட்டும், டாக்டர்ட்ட போவோம். யார்ட்டயும் சொல்லிராத, தீட்டும்பாளுக" என்றேன். சாமி காரியம் தடைப்படக் கூடாது என்பது மட்டுமே என் நினைப்பு.

மூன்றாவது சனிக்கிழமை அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்த்தோம். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்ததில் பெருங்குடலில் புற்றுநோய். மதுரைக்கு அனுப்பினார்கள்.

"எம்புட்டு நாளா ரத்தம் போகுது?" என்று அங்கே டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு மாசமா" என்றேன். ராமலட்சுமி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

அவளை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோனதும் ஆண்டாளைக் கூப்பிட்டேன். தாயே, என் தப்புக்கு அவளைக் கொண்டுபோய்விடாதே. முதலில் உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடு. அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய், "மூணு மாசம்மா. நாந்தான் கூட்டிட்டு வரல" என்று சொல்லி அழுதேன்.

அவர் திட்டவில்லை. "மாசத்த வச்சு ஸ்டேஜ் சொல்ல மாட்டோம். குடல் சுவர்ல எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு, பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கா, கல்லீரல், நுரையீரலுக்குப் பரவியிருக்கா, அதத்தான் பாப்போம். வெட்டி எடுத்தத லேப்ல பாத்த பொறவுதான் முழுசாத் தெரியும்."

ஸ்கேனில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தமாக இருந்தன. ஆபரேஷன் முடிந்து பத்து நாளில் ரிசல்ட் வந்தது. முடிச்சுகளில் ஒன்றே ஒன்றில் நோய் இருந்தது. மூன்றாவது ஸ்டேஜ்.

"முன்னாடியே வந்திருந்தா அது இருந்திருக்காதாம்மா?"

"இருந்திருக்காமப் போயிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. கட்டிய முழுசா எடுத்தாச்சு. கீமோ குடுத்தா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு."

அந்தப் 'போயிருக்கலாம்' இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. ராமலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டாச்சுல்ல. அப்படியே போயி ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க. ஆறவச்சுக் கொண்டாராதீங்க" என்றாள்.

ஆறு மாதம் கீமோ ஏறியது. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. இன்னும் சில வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சன்னதியில் ராமலட்சுமியோடு நின்றபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அவள்தான் கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

நம்புங்கள், நாம் வேண்டுவதை ஆண்டாள் கேட்கிறாள். ஆனால் வீட்டில் ஒருத்தர் ரத்தம் என்று சொன்னால் எந்தத் திருவிழாவுக்காகவும் காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே வேண்டுங்கள். அங்கிருந்து கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும்.