அட்டை மூடியில் ஏழு ஊர்கள்

என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தக்காளிப் பெட்டியின் அட்டை மூடி ஒட்டியிருக்கிறது. நடுவில் கறுப்பு மையால் வளைந்தோடும் ஓர் ஆறு. ஒரு கரையில் மூன்று புள்ளிகள், மறுகரையில் நான்கு. இஸ்ரயேலர் வைத்தது ஆறு ஊர்கள்தான். ஏழாவதை வைத்தது என் மாமா.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, பழங்காலச் சட்டங்கள் பற்றிய வகுப்புக்காக வாசித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் இஸ்ரயேலரின் அடைக்கல நகரங்களைக் கண்டேன். விறகு வெட்டும்போது கோடாரி கழன்று பக்கத்தில் நின்றவன் செத்துப்போனால், வெட்டியவன் கொலைகாரன் அல்லன் என்றது அந்தச் சட்டம். பழிவாங்க வரும் உறவினன் கையில் அகப்படாமல் அவன் ஓடிச் சேர ஆற்றின் இரு கரைகளிலும் ஊர்கள். போகும் வழியைக்கூடச் சீராக்கி வைக்க வேண்டுமாம்! ஊர் எல்லையைத் தாண்டினால் மட்டும் காவல் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரதி எடுத்த தாள்களோடு மெட்ரோ படிகளை இரண்டிரண்டாகத் தாவி, மொன்றியலில் மாமா வேலை செய்யும் ஜான்-டலோன் சந்தைக்கு ஓடினேன்.

காரணம் இருந்தது. மன்னாரில் மீன்பிடிக்கப் போன மாமா நங்கூரம் எறிந்த நேரம் வள்ளம் அலையில் உலாஞ்சி, அந்த இரும்பு கூடப்போன கூட்டாளியின் தலையில் பட்டுவிட்டது. கரை சேருமுன் அவர் இறந்துவிட்டார். "கண்ணிலை பட்டால் விடமாட்டன்" என்றாராம் இறந்தவரின் தமையன். மாமா இங்கே வந்த பிற்பாடு அந்தத் தமையனும் தாயும் மொன்றியல் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் வந்து குடியேற, மாமா மொன்றியல் தீவை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. அதே அக்கரையில் புரோசார்ட்டில் நடந்த அக்காவின் கலியாணத்துக்குக்கூட "வேலை கிடக்கு" என்றுவிட்டார்.

மரக்கறிக் கடைக்குப் பின்னால் முழங்காலில் நின்று ஒரு தக்காளிப் பெட்டி மூடியில் ஆற்றையும் ஊர்களையும் கீறிக் காட்டினேன்.

"மாமா, நீங்கள் குற்றவாளியில்லை! சட்டத்திலையே கிடக்கு!"

"டேய், மெல்லக் கதை. முதலாளி பாக்கிறார். ஓடினவன் எவ்வளவு காலம் உள்ளுக்கை இருக்கிறது?"

"தலைமைக் குரு சாகுமட்டும்."

"அப்ப அந்தாள் கெதியாச் சாகவேணும் எண்டு நேர்த்தி வைக்கலாம்!"

"அதுக்குத்தான் குருவின்ரை தாய் அவைக்குச் சாப்பாடும் உடுப்பும் குடுக்கிறவவாம், மகனுக்குக் கேடு நினைக்காமல் இருக்க."

"கெட்டிக்காரி!" மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூடியையே பார்த்தபடி கேட்டார்: "ஓடினவனுக்கு ஆறு ஊர். செத்தவன்ரை தாய்க்கு எந்த ஊர்?"

தாள்களைப் புரட்டினேன், திரும்பவும் புரட்டினேன். மாமா ஏப்ரனைக் கழற்றினார்.

"வா, போவம்."

மஞ்சள் தட மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போக எடுத்தது சில நிமிடங்கள்தான். மாமா மூடியை நெஞ்சோடு அணைத்திருந்தார். லொங்குய்யில் கதவைத் திறந்தவர் தமையன். மாமாவைக் கண்டதும் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"திருநாளுக்கும் நான் தீவுப் பக்கம் வாறேல்லை," என்றார். "உன்னைக் கண்டா என்ன செய்துபோடுவன் எண்டு எனக்கே பயம்."

"ஆரது?" உள்ளேயிருந்து தாயின் குரல்.

"தம்பியோடை கடலுக்குப் போனவன், அம்மா."

தமையன் மெல்ல விலகி வழிவிட்டார். தாய் மாமாவைப் பக்கத்தில் இருத்திக் கேட்டது ஒன்றுதான்: "கடைசியா என்ன சொன்னவன்?"

அதை அறிந்த ஒரே மனிதர் இத்தனை வருடமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"பாரை மீன் ஒண்டைத் தள்ளி வைச்சவன். இது அம்மாக்கு, வித்துப்போடாதை எண்டவன்."

"எவ்வளவு பெரிசு?"

மாமா இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார். அந்தக் கைகளின் இடைவெளியைத் தாய் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு மூத்த மகனிடம் திரும்பி, அழுகையும் சிரிப்புமாக, "பெரிய மீனடா!" என்றார். தமையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் மாமா மீன் பொதியோடு மஞ்சள் மெட்ரோவில் ஏறிவிடுவார். அந்த முதல் நாள் திரும்பும்போதுதான் என் பேனையை வாங்கி, மூடியில் மறுகரையில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.

"இது எந்த ஊர், மாமா?"

"ஊரில்லையடா. அவையின்ரை வீடு."