சத்தமில்லாமல் நடப்பவன்

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் அவர் நுழைந்தால் முனை வீட்டுக்காரர்களுக்கே தெரிந்துவிடும். ஹார்ன் ஒரு பக்கம், அவர் தொண்டை ஒரு பக்கம். கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒதுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள், மைக் தேவைப்படாது. இனிப்பு நீர் வியாதி முற்றி வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு, அதே மனிதர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று நான் தேட வேண்டி வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தூங்குகிறார் என்று நான் சொல்ல வேண்டும். வந்தவர்கள் பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போவார்கள்.

ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த கால் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தோங்காட் கட்டை இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடப்பதோடு சரி. ஆப்பரேஷன் நடந்தபோது நான் அம்மனிடம் வேண்டியிருந்தேன். "தாயே, இந்த மனுஷன உயிரோட குடு. உன் முன்னால நடக்க வச்சுக் கூட்டிட்டு வரேன்." அவள் கொடுத்துவிட்டாள். நான்தான் இன்னும் செய்யவில்லை. "கால போடுங்க, ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோம்" என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டுப் பார்த்தேன். "அடுத்த வாரம்" என்பார்.

பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருக்கும் எங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒருமுறை தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை அப்பா அறையில் வைத்து, அதில் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ராஜா காலத்துக் கதை. கோட்டை, பூதம், நெருப்புக் கக்கும் பாம்பு எல்லாம் உண்டு. முதலில் நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டுமாம்.

"ப்பா, இந்த வாள் வச்சிருக்கறவன எடுங்க. உங்கள மாதிரியே தோளு, பாருங்க."

"வேணாம்."

"அப்ப மந்திரவாதி? தாடி நல்லா இருக்குலா."

"கடைசில ஒல்லியா ஒருத்தன் முக்காடு போட்டு நிக்கறானே, அவன் யாரு?"

"அவன் திருடன்ப்பா."

"அவனக் குடு."

சாமி மேடையிலிருந்து சாம்பிராணியோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்னங்க இது! விளக்கேத்துற வீட்டுல திருடன வளக்கப் போறீங்களா?"

"கண்ணன் வெண்ணெய் திருடினா மட்டும் கன்னத்துல போட்டுக்குவ."

"அவரு சாமி. நீங்க லோரி டிரைவர்."

அவர் சிரித்தார். கால் போன பிறகு அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் திருடன் விளையாட்டில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கொஞ்சம் புள்ளிகள் கிடைக்கும். எதில் வேண்டுமானாலும் போடலாம். உடம்பு பலம், வில், பூட்டுத் திறப்பது, நைசாகப் பேசி ஆளை மயக்குவது. இவர் கிடைத்ததையெல்லாம் சத்தமில்லாமல் நடப்பதிலேயே போட்டார். மகள் போனில் சத்தம் போடுவாள். "ப்பா, பலத்துலயும் போடுங்க. ஒரே அடியில செத்துருவான்."

"பாத்தாத்தான அடிப்பான்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டே பார்ப்பேன். இரும்புச் சட்டை கிடைத்தால் கழற்றிப் போட்டுவிடுவார், அது கலகலக்குமாம். திரைக்கு மேலே ஒரு கண் வரைந்திருக்கும். யாராவது இவனைப் பார்த்துவிட்டால் அது திறக்கும். நிழலில் ஒதுங்கினால் மெல்ல மூடும். அது மூடும்போது இவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

ஒருநாள் நடுப்பகல், அந்த ஊர்ச் சந்தை. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். திருடன் அதற்குள் புகுந்து, பொற்காசுப் பெட்டியை ஒட்டியே நடந்து, அடுத்த வாசல் வழியாக வெளியே போனான். பெட்டியைத் தொடவில்லை.

"ஏங்க எடுக்கல?"

"எடுக்கவா வந்தேன்? உள்ள போய்ட்டு வெளிய வரணும். ஒருத்தனும் திரும்பிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கையில் இருந்த பயற்றங்காயைத் தட்டில் வைத்தேன். "அந்தக் கால போட்டா சத்தம் வருதா?" என்று கேட்டேன்.

திருடனை ஒரு சுவர் நிழலில் நிறுத்தினார். "ஆஸ்பத்திரியில போட்டு நடக்கச் சொன்னாங்க. அடிக்கு அடி கிறீச் கிறீச்சுனு. உக்காந்திருந்தவன் அத்தன பேரும் திரும்பிட்டான். ஒரு கிழவி கன்னத்துல கை வச்சு 'ஐயோ பாவம்'னா."

படிக்காதவள் எனக்கு என்ன தெரியும்? கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவோம். சமையல் எண்ணெய் வைக்க மனசு வரவில்லை. எங்கள் வீட்டில் எந்த வலிக்கும் அம்மன் விளக்கில் எரிந்து மிஞ்சிய எண்ணெயைத்தான் தடவுவோம். அவர் மதியம் கண்ணயர்ந்தபோது அந்தக் காலை இழுத்து, அவள் பெயரைச் சொல்லிக் கணுக்கால் மூட்டில் ஊற்றினேன். அவர் கால் போய் உட்காரும் குழிக்குள்ளும், புண்ணாகாமல் இருக்கட்டும் என்று வழிய வழியத் தடவினேன்.

மறுநாள் காலையில் சுவரிலிருந்து கட்டிலுக்கடி வரை எறும்பு. குழிக்குள் இருந்த மெத்தை எண்ணெயைக் குடித்து ஊறிக் கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். திட்டவில்லை. "காலப் பொரிச்சு வச்சிருக்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் மகளும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனோம். அங்கே வேலை பார்க்கும் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆன்டி, ஒரு ஸ்குரூதான் லூசு. முடுக்கினா போதும்லா. எண்ணெய் போட்டதுலதான் உள்ள மெத்தை போச்சு. புதுசு மாத்தணும், லேட்டாகும்."

நான் சாமி மேடை முன் உட்கார்ந்து அழுததை அவர் எப்படியோ பார்த்துவிட்டார். தோங்காட் சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பினால், அதன் நுனிகளில் பழைய கைலித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

"வா, கோயிலுக்குப் போலாம். ஆனா நான் சொல்ற நேரத்துக்கு."

அவர் சொன்ன நேரம் கோயில் நடை சாத்தியிருக்கும் மதியம். மகள் காரைப் பின்சந்தில் நிறுத்தினாள். மதில் நிழலை ஒட்டி நடந்தார், வேப்பமர நிழலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், அப்புறம் வாசல் நிழலுக்குள் புகுந்தார். திரையில் எத்தனையோ முறை பார்த்த நடை. வெயிலில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கருவறைக்கு முன்னால் சிவப்புத் திரை முழுவதும் இழுத்து விட்டிருந்தது.

"ஒருத்தரும் பாக்கலல்ல?" என்று கிசுகிசுத்தார்.

"இல்லைங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது. முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் அந்தத் திரையைப் பார்த்துக் கும்பிட்டேன். 'தாயே, இத வந்ததா வச்சுக்காத. அவர நான் இன்னும் கூட்டிட்டு வரல.'

கால் திரும்பி வந்துவிட்டது. நானே கையில் வைத்து மடக்கிப் பார்த்தேன், துளிச் சத்தம் இல்லை. கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. மேலே உட்கார்ந்து அவர் திருடனுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார்.