லண்டன் துப்பாக்கியில் ஒரு பூ

காட்டுப்பன்றி விரட்ட எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. குழாய் வாயில் மருந்தைப் போட்டு இடிக்கிற பழங்காலத்துச் சாமான். பாட்டனாருக்கு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது, லண்டனில் செய்தது என்பார் அப்பா. லைசென்சிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அதைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிய பீற்றல் கொஞ்சமல்ல.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த முறை நானும் அழுது அடம்பிடித்து அப்பாவோடு பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டருக்குப் பழைய துப்பாக்கி என்றால் பைத்தியம். மண்ணெண்ணெய்த் துணியால் குழாயின் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

“லண்டன்ல செஞ்சதுன்னா கம்பெனி பேரு, சோதிச்ச முத்திரை எல்லாம் இங்க இருக்கணுமே. ஒண்ணையும் காணோம். இது என்ன, பூ?”

எட்டிப் பார்த்தேன். ஐந்து இதழ்ப் பூ. வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? “இது எங்க வூட்டு அருவாள்ல இருக்குது சார்! எங்க ஊரு ஆசாரி தாத்தா அவரு அடிக்கிற எல்லாத்துலயும் இந்தப் பூவத்தான் குத்துவாரு!”

ஸ்டேஷனே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“நாட்டுத் துப்பாக்கி செய்யறானா? யாரு அவன்? பேரச் சொல்லிட்டு, தேர்தல் முடிஞ்சதும் துப்பாக்கிய வாங்கிட்டுப் போங்க.”

“புள்ள ஏதோ ஒளறுதுங்க சார். அருவா காரிமங்கலம் சந்தையில வாங்கினதுங்க. யாரு அடிச்சதோ, தெரியாதுங்க.”

“இல்லப்பா, நம்ம கோயிலாண்ட…” என்று ஆரம்பித்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. அப்பா அதுவரை என்னை அடித்ததே இல்லை. பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். “துப்பாக்கி வேணாங்க சார். நீங்களே வெச்சிக்கங்க.”

ஐயோ, மானம் போயிற்று! லண்டன் பெருமை போனதுகூடப் பரவாயில்லை. பெற்ற அப்பா அத்தனை பேர் முன்னால் பச்சைப் பொய் சொல்லிக் கும்பிட்டு நின்றாரே, அந்த வெட்கம் தாங்கவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் கடலைக்காட்டைப் பன்றிகள் உழுதுபோட்டன. அம்மா கரித்துக் கொட்டினாள். அப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் காவல் கிடந்தார்.

ஒருநாள் ஆசாரி தாத்தாவின் பட்டறை வழியாகப் போனேன். அந்தத் துப்பாக்கியைச் செய்தது அவருடைய பாட்டனாக இருக்கும். அவர் அரிவாளும் களைக்கொத்தும் தவிர வேறெதையும் அடித்தவரில்லை.

“ஏன் பாப்பா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?” என்றார்.

“எங்கப்பா பொய் சொல்றாரு” என்றேன்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அங்கே உட்கார்ந்து சிரிப்பதே அந்தப் பொய்யால்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.