அப்பா கூட்டிப்போன சப்பல்

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் கறிவேப்பிலை மணம் முகத்தில் அடித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும்.

பிரெஞ்சில் சிறு தேவாலயத்துக்குச் சப்பல் என்று பெயர். அரைவட்ட வளைவும் தடித்த கற்சுவருமாய் ஒரு நாட்டுப்புறச் சப்பலின் படத்தைப் பத்து வயதில் பார்த்துப் பைத்தியமாகிவிட்டேன். அது மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் வரைதான் திறந்திருக்கும். "சப்பலுக்குப் போவம் அப்பா" என்று ஒரு கிழமை நச்சரித்தேன்.

நாங்கள் குடியிருந்த சார்செலிலிருந்து புறப்பட்ட கார் இந்தத் தெருவில் வந்து நின்றது.

"இறங்கு பிள்ளை, லாச்சப்பல் வந்திட்டுது."

"ஐயோ அப்பா, இதில்லை! கோயில் சப்பல்!"

"உதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"வந்ததுதான் வந்திட்டம், கறிவேப்பிலை வாங்குவம்" என்று இறங்கிய அம்மா, ஒவ்வொரு கட்டாக முகர்ந்து பார்த்தார்.

அந்தக் கோயில் சப்பலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவல்காரக் கிழவி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என் அழுகையைப் பார்த்து ஐந்து நிமிடம் தந்தாள். பாய்ந்து ஓடிய என்னை அப்பா வாசலிலேயே பிடித்தார்.

"கோயிலுக்குள்ளை சப்பாத்தோடையோ? கழட்டு!"

சப்பாத்துக் கயிறு கடுமுடிச்சாக இறுகிவிட்டது. அம்மா குந்தியிருந்து அதை அவிழ்த்து முடிக்க, ஐந்து நிமிடமும் முடிந்தது.

நாளைக்கு மறுபடி அந்தக் கோயில் சப்பலுக்குப் போகிறேன். இந்த முறை வீட்டில் சொல்லவில்லை.