ஒட்டுத்துணி போட்ட விமானம்

அந்த விமானத்துக்குள் ஆள் இருந்தாரா, இல்லையா? மூன்று மாதமாகியும் எனக்குத் தெரியவில்லை.

அது ஒரு பழைய ஊமைப்படம். முதல் உலகப் போரின் ஆகாயச் சண்டையைப் பற்றியது. பர்மாவில், பசுந்தாங் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும்போது லேப்டாப்பை சார்ஜ் செய்துவிட்டு, கரண்ட் போனதும் மகளோடு உட்கார்ந்து பார்ப்பேன். அவளுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில்தான் பதில் சொல்லுவாள். ஊமைப்படத்தில் யாரும் எந்த மொழியும் பேசுவதில்லை. கதையை நான் தமிழில் சொன்னால் அவளும் தமிழில் கேள்வி கேட்பாள் என்று நினைத்தேன். அப்படியே கேட்டாள்.

மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மேலும் கீழுமாக இரண்டு இறக்கை வைத்த விமானங்கள். ஒன்றின் கீழ் இறக்கையில் சதுரமாக ஓர் ஒட்டுத்துணி தெரியும். "அம்மா, இது அதே ப்ளேன். சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு" என்று கண்டுபிடித்தவள் அவள்தான். முதலில் நல்லவர்கள் பக்கம் பறந்த விமானம், பிறகு எதிரியின் அடையாளத்தைப் பூசிக்கொண்டு வந்தது. அதுதான் சுடப்பட்டு, சுழன்று, வயலில் விழுந்தது. விழும்போது பைலட் உட்காரும் குழியின் விளிம்பை ஒரு கை பிடித்திருப்பதுபோல் இருக்கும்.

"அந்த மாமா எழுந்திருச்சிட்டாரா?"

"உள்ள யாரும் இல்லம்மா. பொம்மைதான்."

யோசிக்காமல் சொன்னேன். அவள் நம்பினாள். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓடி, "பொம்மை போகுது" என்று கையாட்டுவாள். அவை குண்டு போடப் போகிற ராணுவ விமானங்களாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் பயப்படவில்லையே என்று நான் திருத்தவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் போரில் மிஞ்சிய நிஜ விமானங்களையே பறக்கவிட்டார்களாம். போரில் பறந்தவர்கள் சிலர் படத்துக்காகவும் பறந்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே கேமராவைப் பொருத்திக்கொண்டு தாங்களே அதை ஓடவிட்டு நடித்தவர்களும் உண்டு. விழும் காட்சிகள் சிலவற்றில் பொம்மை. சிலவற்றில் உயிரே போயிருக்கிறது. இந்தப் படத்தைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை. ஒட்டுத்துணி விமானம் பின்னால் ஒரு காட்சியில் மறுபடி பறக்கிறது. அப்படியானால் விழுந்தது வேறு விமானமா? ஆனால் படத்தைக் கதை வரிசையிலா எடுக்கிறார்கள்? தன்லியின் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படம் எடுத்தவனே மறந்திருப்பான், நீ இன்னும் அந்த பைலட்டுக்குத் துக்கம் காக்குற" என்றார். சிரிக்கத்தான் முயன்றேன்.

கீழ்வீட்டுப் பெண்மணியிடம் அவருடைய அக்கா மகள் வந்து சேர்ந்திருந்தாள். மேல்பர்மாக் கிராமம், ஒன்பது வயது. ஒரு மதியம் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டது. என் மகள் பால்கனிக்கு ஓடினாள். அந்தப் பெண் கட்டிலுக்கு அடியில் போய்த் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். என் மகள் குனிந்து, வெளியே வா, உள்ளே யாரும் இல்லை, பொம்மைதான், அம்மா சொன்னார்கள் என்று பர்மியத்தில் கூப்பிட்டாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பர்மியத்திலேயே பதில் வந்தது. "எங்க ஊருக்கு வந்ததுல ஆள் இருந்தாங்க. நான் பாத்தேன்."

அழவில்லை, நிதானமாகச் சொன்னாள். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையில் பால் டம்ளர்களோடு நின்றேன். அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். பால் ஆறுகிறது என்றேன்.

அந்தப் பெண் அதன்பிறகு மேலே வரவில்லை. அவள் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா மரச்சாந்து கட்டிலுக்கு அடியில் தரையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. இரண்டு நாள் அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மதியத்துக்கு மறுநாள் தலை வாரும்போது மகள் கேட்டாள். "அம்மா, நீ தமிழ்ல சொல்றதெல்லாம் பொய்யா?"

இல்லை என்றேன். அதையும் தமிழில்தான் சொன்னேன். இப்போது அவள் தமிழில் எதுவும் கேட்பதில்லை. விமானம் போனால் வானத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். போன வாரம், அந்தப் படத்தைப் போடு, ஆள் இருக்கிறாரா என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பர்மியத்தில் சொன்னாள். பேட்டரி இல்லை என்றேன். பேட்டரி முழுவதும் இருந்தது.

இதைப் படிப்பவர்களில் சின்னப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவளோடு உட்கார்ந்து, அந்தக் கையைக் காட்டி, "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் ஆறு வயதுக்கு அது போதுமா? அதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கிப் போக வேண்டுமா? போனால், அந்தப் பெண்ணிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்?