பட்டனில் வைத்த பொட்டு

தறிகளில் சேலைக்குப் புட்டா என்னும் பூவேலை போடும் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள் கலைவாணி. ஆயுத பூஜைக்கு மறுநாள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் நமச்சிவாயத்தின் பெட்டி கண் திறக்கவே இல்லை. போர்டு போய்விட்டது என்றார்கள்.

"அதெப்படிப் போவும்?" என்று சீறியவள், பிழை தேடும் 'டீபக்' கருவியைச் செருகி, பெட்டியை எழுப்பும் பூட்லோடரை வரி வரியாக ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது. புது மென்பொருள் ஏற்றுவதற்கான அப்டேட் பட்டனை யாரோ அழுத்திக்கொண்டே இருக்கிறார்களாம்; அதற்காகக் காத்து நிற்கிறதாம்!

குனிந்து பார்த்தவள் துள்ளிக் குதித்தாள். அழுந்திய பட்டன் எழும்ப முடியாமல் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"அண்ணே, பெட்டியத் தொறந்தா பொட்டு வெச்சீங்க?"

"வேலை செய்யறது உள்ளதானேமா இருக்குது!"

சந்தனத்தைச் சுரண்டியதும் தறி தடதடத்தது. அன்றிலிருந்து அவள் திறக்கும் பெட்டிகளிலெல்லாம், பட்டனுக்கு எட்டாத மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டு எழுதிவிடுகிறாள்: 'பொட்டு இங்கே.'