சாக்குத் தைக்கிற வேலை

முருங்கன் பக்கத்து அரிசி மில்லில் பதினெட்டு வருடம் மூட்டை தூக்கியவர் யோகராசா. "நான் சுமக்காத நெல்லிலை சோறு தின்ட ஆள் இந்தப் பக்கம் இல்லை" என்பார். பெருமைக்குக் குறைவில்லாத மனிதர். போன ஆவணியில் பலகைப் படியில் கால் இடறி விழுந்தார். முதுகில் டிஸ்க் விலகி, நான்கு மாதம் பாயில் கிடந்தார். அந்த நான்கு மாதமும் மனைவி சிவபாக்கியம் வயலுக்குக் கூலி வேலைக்குப் போனாள். முதுகு வலியைவிட அதுதான் அவரை அரித்தது.

"மாசி அறுவடைக்கு முன்னம் வராட்டில் வேறை ஆள் போடுவம்" என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று மன்னார் டாக்குத்தர் கடிதம் கொடுத்தார். மில் கந்தோரில் கணக்கு எழுதும் பிரேமினி அதைப் படித்துவிட்டு, நல்ல மனதோடுதான், சாக்கு வாய் தைக்கும் வேலையில் அவரைப் போட்டாள்.

"கதிரையிலை குந்தி இருந்து தைக்கிறதுதான், அண்ணை. பாரம் ஒண்டும் இல்லை."

பாவம், அவள் ஒரு மூட்டையைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டாள். மில் வழக்கப்படி, தைத்தவரே எழும்பி, ஐம்பது கிலோ மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தள்ளுவண்டியில் சரித்துவிட வேண்டும். அதை அங்கே யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. யோகராசாவும் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு மூட்டை சரித்தார்.

பின்னேரங்களில் சிவபாக்கியம் கேட்பாள்: "இண்டைக்கு ஏதும் தூக்கினியளே?"

"இல்லையப்பா."

மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

எட்டாம் நாள் வலது கால் விறைத்து மரத்துப்போனது. அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்தக் கதிரையும் போய்விடும் என்ற பயம். பத்தாம் நாள் வேலை முடிந்து நடந்து வந்தவரை முற்றத்தில் நின்ற சிவபாக்கியம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மற்றச் செருப்பு எங்கை?"

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் வெறுங்கால். கிரவல் ரோட்டில் எவ்வளவு தூரம் அப்படி நடந்தாரோ, குதிக்காலில் முள் ஏறி ஒடிந்திருந்தது. வாசல் படலையிலிருந்து இரத்தப் பொட்டுகள் அவர் பின்னாலேயே வந்திருந்தன.

சிவபாக்கியம் அவரை இருத்தி, காலை மடியில் வைத்து, முள்ளைப் பிடுங்கினாள்.

"நோகுதே?"

"இல்லை."

அவள் அழத் தொடங்கினாள்.

"நான் ஒண்டும் தூக்கேல்லையப்பா" என்றார். "சத்தியமாய். சரிச்சு மட்டும்தான் விட்டனான்."